ஏரிப் புறம்போக்கும் அரசமைப்புச் சட்டமும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் ஏரியையும் கிணற்றையும் நம்பிப் பயிர் செய்பவை. இங்கே ஏரி என்பது ஒரு நீண்ட மண்கரை, அதில் ஒன்றிரண்டு மதகு, மிகுதி நீர் வழிந்தோட ஒரு கலங்கல், கரைக்கு மேற்புறம் மேடாகச் சரிந்து செல்லும் நீர்ப்பிடிப்பு. மேலூர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழியும் நீர் கால்வாய் பிடித்துக் கீழூர் ஏரிக்குப் போகும். ஊர்க் கணக்கில் இந்த இடம் முழுவதும் ஏரிப் புறம்போக்கு என்று பதிவாகியிருக்கும். அந்தப் புறம்போக்கின் மீது அரசுக்கு உள்ள உரிமை எத்தகையது என்ற கேள்விக்கு, 1905இல் சென்னை மாகாணச் சட்டம் ஒரு விடை தந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் வேறொரு விடை தந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொண்ணூறு ஆண்டுகளில்தான் ஒப்பீட்டு அரசமைப்புச் சட்டம், சுற்றுச்சூழல் சட்டம் என்ற இரண்டு கல்வித்துறைகள் இந்தியாவில் வேரூன்றின. விடை மாறியதில் அத்துறைகளின் பேராசிரியர்களுக்கு நேரடிப் பங்கு உண்டு.

பழைய நிலையைப் பார்த்துவிட்டால் மாற்றத்தின் அளவு விளங்கும். குடிமராமத்து என்பது ஏரிநீர் பாயும் நிலங்களின் உழவர்களான ஆயக்கட்டுக்காரர்கள் சேர்ந்து கால்வாய் தூர்வாரி, கரையைச் சீர்செய்யும் வழக்கம். கரை உடையும் ஆபத்து நேரத்தில் ஆட்களை வேலைக்கு அழைக்கவும், குடிமராமத்து வேலைக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கவும் 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அதிகாரிகளுக்கு அதிகாரம் அளித்தது. வழக்கமாக இருந்த கடமை கட்டளையாக மாறியது. 1905இல் வந்த சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஒருபடி மேலே போனது. தனியார் உரிமை நிறுவப்பட்டவை தவிர, சாலைகள், ஆற்றுப்படுகைகள், ஏரிகள், கால்வாய்கள் எல்லாம் அரசின் சொத்து என்று அது அறிவித்தது.

சொத்து என்றால் சொந்தக்காரர் விரும்பியபடி பயன்படுத்தலாம், கொடுக்கலாம், மாற்றலாம். ஏரியைப் பொறுத்தவரை இதன் விளைவு மெதுவாகத் தெரிந்தது. நான்கைந்து ஆண்டுகள் மழை பொய்த்தால் நீர்ப்பிடிப்பின் மேட்டுப் பகுதி காய்ந்து கிடக்கும். வண்டல் மண், நல்ல விளைச்சல். யாரோ ஒருவர் ஏர் பூட்டுவார். கிராமக் கணக்கர் அதைக் குறித்து பி மெமோ என்ற ஆக்கிரமிப்பு அறிக்கை போடுவார். தண்டத் தீர்வை கட்டியவர் ரசீதுகளைப் பத்திரமாகச் சேர்த்து வைப்பார். ஆக்கிரமிப்பைக் கண்டிக்க ஏற்பட்ட காகிதம், அனுபவ பாத்தியதைக்குச் சான்றாக மாறி, ஒருநாள் பட்டா கேட்கும் மனுவோடு இணைக்கப்படும். ஏரி முழுக் கொள்ளளவுக்கு நிரம்பினால் பயிர் மூழ்கும் என்பதால், கலங்கலை உடைத்துவிடும் சண்டைகளும் கூடவே வந்தன. அரசு சொந்தக்காரராக மட்டும் இருந்தவரை, அதை இன்னொருவர் நீதிமன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்க வழி குறைவு.

வழி திறந்தது அரசமைப்புச் சட்டத்தின் மூலம். அந்தச் சட்டமே ஒப்பீட்டு ஆய்வின் விளைபொருள். அரசமைப்பு நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் 1947இன் இறுதியில் அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளுக்குச் சென்று நீதிபதிகளையும் அறிஞர்களையும் கண்டு பேசினார். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டரின் கருத்து அவரை மிகவும் பாதித்தது. அதன் விளைவாக, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான 21ஆவது பிரிவில், நீதிபதிகளுக்கு விரிந்த அதிகாரம் தரும் அமெரிக்கச் சொற்களை விலக்கி, சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை என்ற குறுகிய சொற்கள் இடம்பெற்றன. வரைவுக் குழுவில் இருந்த சென்னை வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் இதை ஆதரித்தார். அரசு நெறிமுறைக் கோட்பாடுகள் 1937ஆம் ஆண்டின் ஐரிஷ் அரசமைப்பிலிருந்து வந்தன. சுற்றுச்சூழல் பற்றி 1950இன் ஏட்டில் தனிப் பிரிவு எதுவும் இல்லை.

21ஆவது பிரிவின் முதல் பெரிய சோதனை சென்னையிலிருந்தே புறப்பட்டது. தடுப்புக் காவலில் இருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில், 1950இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைக் குறுகிய பொருளிலேயே படித்தது. கோபாலனுக்காக வாதாடித் தோற்றவர் எம்.கே. நம்பியார். இந்தப் பெயர் பின்னால் மறுபடி வரும்.

அடுத்த ஆண்டு, 1951இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு, அரசமைப்புச் சட்டத் துறைக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார் சார்லஸ் ஹென்றி அலெக்சாண்டரோவிச். 1902இல் லெம்பர்க் நகரில் பிறந்தவர். போலந்துச் சட்ட அறிஞர். இரண்டாம் உலகப் போர் அவரை லண்டனில் கொண்டுவந்து விட்டிருந்தது. பத்தாண்டுகள் சென்னையில் இருந்தார். பன்னாட்டு விவகாரங்களுக்கான இந்திய ஆண்டு மலரைத் தொடங்கி நடத்தினார். இந்திய அரசமைப்பு நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டுகளை ஆராயும் அவரது நூல் 1957இல் வெளிவந்தது. புதிய குடியரசின் ஒவ்வொரு தீர்ப்பையும் பிற நாட்டு அரசமைப்புகளின் அருகில் வைத்துப் படிக்கும் முறையை மாணவர்களுக்குப் பழக்கினார்.

அவருடைய பெரும் பங்களிப்பு வேறொரு திசையில் இருந்தது. பன்னாட்டுச் சட்டம் ஐரோப்பாவில் பிறந்து பிற கண்டங்களுக்குப் பரவியது என்பதே அன்றைய பாடநூல்களின் கதை. அலெக்சாண்டரோவிச் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துகீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் இந்திய, தெற்காசிய அரசர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளை எடுத்துப் படித்தார். சம நிலையில் உள்ள இரு அரசுகள் பேசும் மொழி அவற்றில் இருந்தது. கிழக்கின் அரசுகளைச் சட்டக் குடும்பத்துக்கு வெளியே தள்ளியது 19ஆம் நூற்றாண்டின் கருத்தியலே என்று அவர் நிறுவினார். 1960இல் ஹேக் அகாதமியில் இதைப் பற்றி உரையாற்றினார். 1961இல் சிட்னி பல்கலைக்கழகத்துக்குப் போனார். முழு நூல் 1967இல் ஆக்ஸ்போர்டில் வெளியாயிற்று. 1975இல் மறைந்தார். சட்டத்துக்கான ஆதாரங்கள் ஆசியாவின் சொந்த ஆவணங்களில் கிடக்கின்றன, தேடினால் கிடைக்கும் என்ற அவரது நிலைப்பாட்டை இந்தக் கட்டுரையின் பிற்பகுதிக்காக நினைவில் வைக்க வேண்டும். ஒரே துறையில் பன்னாட்டுச் சட்டத்தையும் அரசமைப்பையும் சேர்த்துப் படித்த சென்னையின் ஏற்பாட்டுக்கும் பின்னால் பயன் விளைந்தது: இந்தியாவின் சுற்றுச்சூழல் சட்டம் அந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பிறந்தது.

ஒரு பேராசிரியரின் உரை நீதிமன்றத்தின் திசையையே மாற்ற முடியும் என்பதற்கு இன்னொரு அயல்நாட்டவர் சான்று. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் சட்டம் பயிற்றுவித்த டீட்ரிச் கான்ராட், 1965 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேசினார். அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு மறைமுக எல்லைகள் உண்டா என்பது அவர் எழுப்பிய கேள்வி. வைமர் குடியரசு சட்டப்படியே சர்வாதிகாரத்துக்குள் சரிந்ததைக் கண்ட நாட்டிலிருந்து வந்தவர் அவர். அதனால்தான் போருக்குப் பிந்தைய ஜெர்மன் அடிப்படைச் சட்டம் சில கூறுகளைத் திருத்தவே முடியாதவை ஆக்கியிருக்கிறது. உரையின் செய்தி எம்.கே. நம்பியாரை எட்டியது. 1967இல் கோலக்நாத் வழக்கில் அவர் அந்த வாதத்தை முன்வைத்தார். 1973 ஏப்ரல் 24இல் 13 நீதிபதிகள் கேசவானந்த பாரதி வழக்கில், அரசமைப்பின் அடிப்படைக் கூறுகளைத் திருத்தத்தால் அழிக்க முடியாது என்ற அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டை வகுத்தபோது, நீதிபதி எச்.ஆர். கன்னாவின் தீர்ப்பில் கான்ராடின் எழுத்து மேற்கோளாக இடம்பெற்றது. 1978இல் மேனகா காந்தி வழக்கு 21ஆவது பிரிவின் குறுகிய வாசிப்பையும் கைவிட்டது. நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்றாயிற்று. பிராங்க்பர்ட்டரின் அறிவுரை மூன்று பதிற்றாண்டுகளில் செல்லாக்காசானது. காற்றும் நீரும் அடிப்படை உரிமைக்குள் நுழைய இந்தக் கதவு திறந்தே ஆக வேண்டியிருந்தது.

சுற்றுச்சூழல் சட்டம் 1972க்கு முன் தனிப் பாடமே அல்ல. அவ்வாண்டு ஜூனில் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டில் இந்திரா காந்தி பேசினார். தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால், நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் மாநிலங்களின் தீர்மானத்தைப் பெற்று 252ஆவது பிரிவின் கீழ் இயற்றப்பட்டது. 1981இன் காற்றுச் சட்டத்துக்கும், 1984 டிசம்பரில் போபால் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபின் வந்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும், பன்னாட்டு உடன்பாடுகளை நிறைவேற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் 253ஆவது பிரிவே அடித்தளம். இடையில் 42ஆவது திருத்தம், 1977 ஜனவரி 3 முதல், சூழலைக் காக்கும் பொறுப்பை அரசுக்கு 48அ பிரிவாகவும் குடிமக்களுக்கு 51அ பிரிவில் ஒரு கடமையாகவும் சேர்த்தது. நெருக்கடி நிலைக் காலத் திருத்தத்தின் பெரும்பகுதி பின்னால் நீக்கப்பட்டது. இவை இரண்டும் தங்கின. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரி 27இல் அமைந்தது.

சட்டங்கள் வந்தாலும் அவற்றைக் கற்பிக்க ஆட்களும் நூல்களும் குறைவு. 1891இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரியில் குற்றவியலும் சொத்துரிமையும் நடைமுறைச் சட்டமுமே உயிர்நாடி. மதுரை, கோவை, திருச்சி சட்டக் கல்லூரிகள் 1970களில்தான் வந்தன. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் பி. லீலாகிருஷ்ணன் இத்துறையை முன்னெடுத்தார். ஷியாம் திவானும் ஆர்மின் ரோசென்கிரான்சும் 1991இல் வெளியிட்ட பாடநூல், தீர்ப்புகளையும் அரசு ஆவணங்களையும் ஒருசேரத் தந்ததால் நாடெங்கும் பரவியது. அதே ஆண்டு நவம்பர் 22இல், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், பள்ளி முதல் கல்லூரி வரை சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 1990களின் பிற்பகுதியில் சட்டப் படிப்பிலும் அது கட்டாயத் தாள் ஆயிற்று. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதே காலத்தில்தான். இத்துறையில் வாழ்நாள் பணி செய்ய விரும்பும் ஒருவருக்குப் பதவியும் மாணவர்களும் இந்தப் பத்தாண்டில்தான் உறுதியாயின.

அந்தப் பத்தாண்டின் மையமான தீர்ப்பு வட ஆர்க்காட்டு மண்ணிலிருந்து வந்தது. கீழ்பென்னாத்தூரை உள்ளடக்கிய திருவண்ணாமலைப் பகுதி 1989 செப்டம்பர் 30 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. பாலாற்றங்கரையின் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகள் வெளியேற்றிய கழிவுநீருக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் சென்றது. தோல் பதனிடும் பட்டையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாகிவிட்டதாக வழக்கில் பதிவாயிற்று. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தீங்கு நேரும் என்பதற்கு அறிவியல் உறுதி கிடைக்கும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும்; மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்; இந்த இரு நெறிகளும் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது நீதிமன்றம். நீடித்த வளர்ச்சி பற்றிய 1987இன் புருண்ட்லேண்ட் அறிக்கை, 1992இன் ரியோ பிரகடனம், 21ஆவது பிரிவு, 48அ பிரிவு, இங்கிலாந்தின் பொதுச் சட்டம் ஆகிய எல்லாம் ஒரே தீர்ப்பில் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கவும் இந்தத் தீர்ப்பு வழிசெய்தது. பாலாற்று உழவரின் கிணற்று நீர், இன்று உலகின் ஒப்பீட்டுச் சட்ட வகுப்புகளில் பாடம்.

ஆனால் ஏரிக்கு விடை தந்த தீர்ப்பு இது அல்ல. அதே நீதிபதி அதே ஆண்டு டிசம்பர் 13இல் எழுதிய கமல்நாத் வழக்குத் தீர்ப்பு. இமாச்சலத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு தனியார் விடுதிக்குக் காட்டு நிலம் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது; ஆற்றின் போக்கையும் விடுதி மாற்றியது. குத்தகையை ரத்து செய்ய நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கருவி, மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் சாக்ஸ் 1970இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை. காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை எல்லோருக்கும் பொது என்ற ரோமானிய நெறி, சிகாகோவின் ஏரிப்படுகையை ரயில் கம்பெனிக்குத் தாரை வார்த்தது செல்லாது என்ற 1892இன் அமெரிக்கத் தீர்ப்பு, இவற்றைக் கோத்து சாக்ஸ் பொதுப் பொறுப்புக் கோட்பாட்டுக்குப் புத்துயிர் தந்திருந்தார். கோயில் நிலத்துக்கு அறங்காவலர் எப்படியோ, நீர்நிலைக்கு அரசு அப்படி: காக்கலாம், பயன்படுத்த வழிசெய்யலாம், விற்றுத் தீர்க்க முடியாது. 1905இன் சொந்தக்காரர் 1996இல் பொறுப்பாளர் ஆனார். பொறுப்பாளர் தவறினால் கேள்வி கேட்கப் பயனாளிக்கு உரிமை உண்டு. இந்தியாவின் நீர்நிலைச் சட்டத்தில் இதற்கு இணையான திருப்பம் வேறில்லை.

கோட்பாடு ஏரிக்கு வந்தது 2006இல். திருப்பதியின் அவிலாலா, பேரூரு ஏரிகளை வீட்டுமனைகளாக்கத் திட்டமிட்டதை எதிர்த்த வழக்கில், தேவகோட்டைக்காரரான நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் தீர்ப்பை எழுதினார். வளர்ச்சித் தேவை ஒருபுறம், ஏரி ஒருபுறம் என்று எடைபோடும்போது பொறுப்பாளரின் கடமையையே முதலில் பார்க்க வேண்டும் என்றது அது. திருப்பதியும் 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும்வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்ததே. அங்கும் இங்கும் ஏரியின் அமைப்பு ஒன்றுதான்.

ரோமாபுரியும் சிகாகோவும் போதுமா என்ற கேள்வியைக் கொழும்பு எழுப்பியது. சி.ஜி. வீரமந்திரி, 1926இல் பிறந்தவர், 1967 முதல் 1972 வரை இலங்கை உச்ச நீதிமன்ற நீதிபதி, பின்பு ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நவுரு தீவில் பாஸ்பேட் வெட்டிப் பாழாக்கிய நிலத்தைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது என்று ஆராய்ந்த விசாரணைக் குழுவுக்கு 1980களின் பிற்பகுதியில் தலைமை தாங்கினார். 1991இல் ஹேக் பன்னாட்டு நீதிமன்றத்துக்குச் சென்றார். டான்யூப் ஆற்றின் அணைகள் பற்றி ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் நடந்த வழக்கில், 1997 செப்டம்பர் 25இல், தனித் தீர்ப்பு எழுதினார். வளர்ச்சியையும் சூழலையும் இணைத்துப் போவது 20ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அல்ல என்பது அவரது வாதம். சான்றாக அவர் விரிவாக எடுத்துக்காட்டியது இலங்கையின் பழைய ஏரிப் பாசனத்தை. கூடவே ஆப்பிரிக்காவின் சோஞ்சோ, சாகா மக்களின் கால்வாய்கள், ஈரானின் நிலத்தடி நீர்வழிகள். அலெக்சாண்டரோவிச் உடன்படிக்கைகளில் தேடியதை வீரமந்திரி ஏரிக்கரைகளில் தேடினார். டான்யூப் வழக்கில் ஏரி ஒரு சட்ட ஆதாரமாக நின்றது ஒப்பீட்டுக் கல்வியின் பெரிய வெற்றி. அயல்நாட்டுத் தீர்ப்பைக் கடன் வாங்குவது மட்டுமே ஒப்பீடு என்ற எண்ணத்தை அது உடைத்தது.

இதன் பயன் அவரது நாட்டுக்கு உடனே கிடைத்தது. அனுராதபுரத்துக்கு அருகே எப்பாவெலவில் பாஸ்பேட் சுரங்கத்துக்காகப் பன்னாட்டு நிறுவனத்தோடு அரசு செய்ய இருந்த ஒப்பந்தத்தை 2000இல் இலங்கை உச்ச நீதிமன்றம் தடுத்தது. நீதிபதி ஏ.ஆர்.பி. அமரசிங்க வீரமந்திரியின் தீர்ப்பைத் துணைக்கு அழைத்தார். பழைய பாசனக் கால்வாயான ஜயகங்கைக்கு நேரவிருந்த கேடும் வழக்கின் பகுதி. அரசு வளங்களின் காவலர் என்ற கருத்துக்கு அமெரிக்கக் கோட்பாட்டைவிட மக்கள் இறைமை என்ற இலங்கை அரசமைப்பின் கூறே உறுதியான அடிப்படை என்று அவர் கொண்டது தனித்துக் குறிப்பிடத் தக்கது.

தமிழ்நாட்டில் 2005இல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அடையாளம் கண்டு அகற்ற அரசுக்கு உத்தரவிட்டது. 2007இல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் வந்தது. எல்லையை அளந்து கல் நடுவது, படிவம் வெளியிடுவது, அறிவிப்பு கொடுத்து அகற்றுவது என்று அது படிப்படியாக நடைமுறை வகுத்தது. ஆனால் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரிகளுக்கே அது பொருந்தும். மாநிலத்தின் ஏறத்தாழ 39,000 ஏரிகளில் 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடைய சிற்றேரிகள் ஊராட்சி ஒன்றியங்களிடம் உள்ளன. திருவண்ணாமலை போன்ற மாவட்டங்களில் ஏரித் தொடரின் பல கண்ணிகள் இவைதாம். ஒரு கண்ணி அறுந்தால் கீழேயுள்ள பெரிய ஏரிக்கும் வரத்து இல்லை. 2015இல் டி.கே. சண்முகம் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு, இந்தச் சட்டம் வந்ததால் 2005இன் உத்தரவு நீர்த்துப் போகவில்லை என்று தெளிவாக்கியது. சட்டத்தின் ஓட்டையைத் தீர்ப்பு அடைத்தது. இடையே 2010இன் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், வேலூர் தீர்ப்பின் நெறிகளைத் தன் 20ஆவது பிரிவில் கட்டாயமாக்கியது. 2012 முதல் தென்மண்டல அமர்வு சென்னையில் இயங்குகிறது. நீதிபதியோடு அறிவியல் வல்லுநரும் அமரும் மன்றம் அது.

இப்போது துறையின் விவாதம் இயற்கையையே உரிமையாளர் ஆக்கலாமா என்பது. எக்குவடார் 2008இல் தன் அரசமைப்பில் இயற்கைக்கு உரிமை எழுதியது. நியூசிலாந்து 2017இல் வாங்கனுயி ஆற்றைச் சட்டமுறை ஆளாக்கியது. அதே ஆண்டு கங்கைக்கும் யமுனைக்கும் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அளித்த அதே தகுதியை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி எஸ். ஸ்ரீமதி இயற்கை அன்னையை உயிருள்ள ஆளாக அறிவித்தார். அந்த வழக்கு எழுந்த இடம் கவனிக்கத் தக்கது: வனப் புறம்போக்கு நிலத்துக்குப் பட்டா கொடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு வருவாய்த் துறை அலுவலரின் பணி மனு அது. பட்டா வழங்கும் கையெழுத்தே இயற்கையின் உரிமையைத் தொடும் என்பதை ஒரு பணி வழக்கு வெளிக்கொணர்ந்தது. 2024 மார்ச் 21இல் உச்ச நீதிமன்றம், கானமயிலின் வாழிடத்துக்கும் சூரிய மின்கம்பிகளுக்கும் இடையிலான வழக்கில், பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை 14, 21 ஆகிய பிரிவுகளில் அடங்கியிருக்கிறது என்றது. ஒரு பறவையைக் காப்பதும் நிலக்கரியைக் குறைப்பதும் எதிரெதிரே நிற்கும் வழக்கு அது. இரண்டும் சூழல் நலன்களே என்பதால், மாசுபடுத்துவோரும் பாதிக்கப்படுவோரும் தெளிவாகப் பிரிந்து நின்ற வேலூர் வழக்கின் நெறிகள் மட்டும் இதற்குப் போதவில்லை. எடைபோடும் பணியை நீதிமன்றம் ஒரு வல்லுநர் குழுவிடம் ஒப்படைத்தது.